ஹோப்வெல் கல்லுலையும் கணக்கேடுகளும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பெர்க்ஸ் மாவட்டக் காட்டுப் பகுதியில் அமைந்தது ஹோப்வெல் இரும்புலை. 1771இல் மார்க் பேர்டு என்பவரால் நிறுவப்பட்ட இவ்வுலை 1883இல் இறுதியாக அணைந்தது. 1935இல் கூட்டரசு இந்நிலத்தை வாங்கியது பொழுதுபோக்குப் பூங்கா அமைக்கவே ஆகும். உலையின் வரலாற்று மதிப்பு பின்னரே உணரப்பட்டு, 1938இல் இது தேசிய வரலாற்றிடமாக அறிவிக்கப்பட்டது.

கல்லாலான உலைக்கோபுரம் மேட்டை ஒட்டி எழுப்பப்பட்டுள்ளது. தாது, மரக்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை மேட்டிலிருந்து கொணர்ந்து உலைவாயில் கொட்டுவர். நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பொறி அடியில் குளிர்காற்றை ஊதும். உருகிய இரும்பு மணற்படுகையில் பாயும். அச்சுகளில் வார்த்துக் கணப்படுப்புகளும் செய்வர். மாதக்கணக்கில் இரவுபகலாக எரிந்த உலை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் காட்டினைத் தின்றது. எனவே உலையடியில் நின்றவர்களினும் காட்டில் மரம் வெட்டியவர்களும் கரி சுட்டவர்களுமே மிகுதி. இன்று நிற்கும் கல் அவர்களைக் காட்டுவதில்லை.

பாதுகாப்புப் பணி, உலை செழித்திருந்த 1820 முதல் 1840 வரையிலான தோற்றத்தையே மீட்டமைத்தது. இத்தேர்வு நியாயமானதே, ஆயினும் இழப்பு உண்டு. 1853இல் அனல்மலி நிலக்கரியைக் கொண்டு இயங்க இங்கேயே எழுப்பப்பட்ட மற்றோர் உலை சில ஆண்டுகளில் தோல்வியுற்றது. அதன் இடிபாடுகளைப் பார்வையாளர் எளிதில் கடந்துவிடுவர். நிறுவனர் காலமும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. பேர்டு அம்மாவட்டத்தில் மிகுதியான அடிமைகளை வைத்திருந்தவர்களுள் ஒருவர். படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டம் பென்சில்வேனியாவில் 1780இல்தான் வந்தது. விடுதலைப் போருக்குப் பீரங்கி வார்த்த உலை என்ற பெருமையைச் சொல்வோர் இதனையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புவன உலையின் கணக்கேடுகள். ஜோசப் வாக்கர் 1966இல் வெளியிட்ட ஹோப்வெல் பற்றிய நூல் இவற்றையே பெரிதும் சார்ந்தது. யாருக்கு எவ்வளவு கூலி, கடையில் யாருக்கு எவ்வளவு கடன் என்னும் உலர்ந்த குறிப்புகளிடையே பெண்களும் கறுப்பினத் தொழிலாளர்களும் பெயரோடு இடம்பெறுகின்றனர். பேர்டின் காலத்து அடிமைகளோ வரிப்பதிவில், குதிரை, மாடுகளுக்கு அருகே, வெறும் எண்ணிக்கையாக நிற்கின்றனர்.