ஒரு சாண் முக்காலியும் கல்லில் இருக்கும் கோடுகளும்



பணி ஓய்வுக்குப் பிறகு நான் கொங்கு நாட்டு ஊர்களில் நடுகல்லும் கல்வெட்டும் தேடி அலைவது உங்களுக்குத் தெரியும். என் பையில் சின்ன கேமரா ஒன்றும், ஒரு சாண் உயரத்தில் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றும் எப்போதும் இருக்கும். "செல்போன்லயே பளிச்சுன்னு விழுதுங்களே சார், அந்தக் குட்டி ஸ்டாண்டு எதுக்குங்க?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கேமரா பிறந்த காலத்தில் முக்காலி இல்லாமல் படமே கிடையாது. 1839இல் பிரான்சில் டகேர் தன் முறையை வெளியிட்டபோது ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் ஆனது. அத்தனை நேரம் எந்தக் கையும் ஆடாமல் நிற்காது.

நம் தமிழ்நாட்டுக் கோவில்களை அப்படி நிறுத்தி நிதானமாக எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டு, 1857-58இல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை முதலிய இடங்களுக்கும் அவர் ஒரு தொகுதி வெளியிட்டார். மெழுகு பூசிய பெரிய காகித நெகட்டிவ், பெரிய பெட்டிக் கேமரா, அதைத் தாங்க ஒரு முக்காலி. எல்லாம் மாட்டு வண்டியில் போன காலம்.

தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். ஒவ்வொரு துண்டுக்கும் கேமரா அதே உயரத்தில், கல்லிலிருந்து அதே தூரத்தில் நின்றால்தான் வரிகள் ஒன்றோடொன்று சேரும். முக்காலி இல்லாமல் நடக்கிற வேலையா அது? அந்தக் கோவிலின் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் நூலாகப் பதிப்பிக்கத் தொடங்கியது 1891இல்தான். எழுத்தைப் படித்து அச்சிடுவதற்கு முப்பது வருஷம் முன்பே அதன் உருவம் காகிதத்தில் ஏறிவிட்டது. டிரைப்பின் பணியோ நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் செலவு அதிகம் என்று நிறுத்திவிட்டார்.

1925இல் லைகா கேமரா விற்பனைக்கு வந்தது. பிலிம் வேகமானது, பிளாஷ் வந்தது. முக்காலி மெல்ல ஸ்டுடியோவுக்குள் ஒதுங்கியது. நம் பள்ளி குரூப் போட்டோவுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வரும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு "யாரும் அசையாதீங்க" என்று அவர் சத்தம் போட்டது மூத்த செட் மாணவர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, இன்று எதற்கு? ஈரோடு மாவட்டம் அறச்சலூர் மலையில் உள்ள கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். 1960களின் தொடக்கத்தில் நம் ஈரோட்டுப் புலவர் செ. இராசு கண்டு சொன்னது. தமிழ் பிராமி எழுத்து. வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி. த, தா, தை, தே என்ற ஆடல் அடவுச் சொற்கள், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுபோல வரும் கட்டம். அமைத்தவன் பெயர் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன்.

அந்த எழுத்து முறையில் 'த'வுக்கு வலப்பக்கம் ஒரு சிறு கோடு போட்டால் 'தா'. இடப்பக்கம் ஒன்று போட்டால் 'தே', இரண்டு போட்டால் 'தை'. படத்தில் ஒரு கோடு கலங்கினால் தாளமே மாறிப்போகும்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் கையில் பிடித்து எடுத்தால் நடப்பது இதுதான். கை ஆடும் என்று கேமரா தானே ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றிவிடும். படம் பளிச்சென்று தெரியும். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். கேமராவே அதை வழுவழுப்பாக்கும்போது மெல்லிய கோடுகளும் சேர்ந்து போய்விடும். முக்காலியில் வைத்தால் ஐஎஸ்ஓ 100 போதும். ஒன்று, இரண்டு விநாடி ஒளியை வாங்கிக்கொள்ள விடலாம்.

குட்டி முக்காலிக்கு இன்னொரு வசதியும் உண்டு. நடுகற்கள் பாதி மண்ணில் புதைந்திருக்கும். கடைசி வரி தரையை ஒட்டி இருக்கும். பெரிய ஸ்டாண்டு அவ்வளவு கீழே இறங்காது. இது திண்ணை, பாறை, வரப்பு எங்கும் உட்காரும். அடியில் உள்ள திருகு கால் அங்குலம், எல்லாக் கம்பெனி சின்னக் கேமராவுக்கும் அதே அளவு. போனுக்கு ஒரு கிளிப் வாங்கினால் போதும்.

செய்முறை சொல்கிறேன். லென்ஸ் கல்லுக்கு நேராகப் பார்க்கட்டும். பிளாஷை அணையுங்கள், எதிரே அடிக்கும் வெளிச்சம் எழுத்தைத் தட்டையாக்கிவிடும். 2 விநாடி டைமர் வையுங்கள், பட்டனை அமுக்கும் ஆட்டம் அடங்கிவிடும். டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து இடம், வலம், மேல் என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு படம் எடுங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் ஒளிந்த கோடு மறுபக்கத்தில் தெரியும். கல்லின் அருகே ஒரு ஸ்கேல் வைத்து ஒரு படம். நீளக் கல்வெட்டு என்றால் டிரைப் செய்த மாதிரி நகர்த்தி நகர்த்தி எடுங்கள். சாக்பீஸ், எண்ணெய், மாவு எதையும் கல்லில் தேய்க்கவே கூடாது. மத்தியத் தொல்லியல் துறை காக்கும் இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். கோவில் என்றால் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஏன் இத்தனை அவசரம் என்றால், ஓர் ஊரின் பெயர் சொல்லாமல் சொல்கிறேன். திருப்பணியில் மணல்வீச்சு அடித்ததில் சுவர் புதுசு போலச் சுத்தமாகிவிட்டது. அதிட்டானத்து எழுத்து மழுங்கிவிட்டது. ஆறு மாதம் முன்பு, அனுமதியோடு தரையில் முக்காலி வைத்து நான் எடுத்த 14 படங்களில்தான் அந்த வரிகள் இப்போது இருக்கின்றன. செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, அழகாக்கத்தான் நினைத்தார்கள். ஏரி மதகிலும் தோட்டத்து மூலையிலும் கிடக்கும் கற்களுக்கு அந்த அளவு கவனிப்பும் கிடையாது.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உங்கள் குலதெய்வக் கோவிலையும் தோட்டங்காட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள் கண்ணுகளா. எழுத்து இருக்கிற கல் ஏதாவது கண்ணில் பட்டால் நிதானமாக நாலு படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஸ்டாண்டு இல்லாதவர்கள் கேளுங்கள், என்னிடம் இரண்டு இருக்கிறது.