உப்பும் மணலும் தின்னும் சைக்கிள் பேரிங்: எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது?

போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது வடக்கில் பல வீடுகளின் ஒரே வாகனம் சைக்கிள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, உடைமைகளை விட்டுப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்திறங்கிய வட மாகாண முஸ்லிம்களுக்கும் சைக்கிளின் அருமை தெரியும். செய்தி சேகரிக்க இந்தக் கரையோரம் செல்லும்போது, மீன்பெட்டி கட்டிய சைக்கிள்களின் பின் சில்லிலிருந்து வரும் கரகரப்பை அடிக்கடி கேட்கிறேன். அந்தச் சத்தம் வந்ததுமே கவனித்தால் சில குண்டுகளோடு செலவு முடியும். விட்டுவிட்டால் ஹப்பையே மாற்றவேண்டி வரும்.

ஹப்பின் இரு பக்கமும் கிண்ணம் போன்ற கப், அச்சில் முறுக்கிய கோன், இரண்டுக்கும் நடுவில் உருக்குக் குண்டுகள், அவற்றைச் சுற்றிக் கிறீஸ். இவ்வளவுதான். சுத்தமாக இருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். இங்கே அதைக் கெடுப்பது ஓடிய தூரமல்ல. சோளகக் காற்று அள்ளிவரும் மணல் உள்ளே அரைக்கிறது. மீன்பெட்டியிலிருந்து சொட்டும் உப்புநீர் துருப்பிடிக்க வைக்கிறது.

சோதிப்பது எளிது. சில்லைத் தூக்கி, ரயரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் மட்டும் இருந்தால் கோனைச் சரிசெய்தாலே போதும். சுற்றும்போது கரகரத்தால் கழற்றியே ஆகவேண்டும்.

கழற்றும்போது கீழே துணி விரித்து, ஒவ்வொரு பக்கத்துக் குண்டுகளையும் எண்ணி வையுங்கள். பெரும்பாலும் முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 குண்டு, 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, கால் அங்குலம். உங்கள் சைக்கிளில் வேறாக இருக்கலாம். பழைய குண்டொன்றைக் கடைக்குக் கொண்டுபோவது நல்லது.

மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்துக் கோனைப் பாருங்கள். மினுங்கும் கோடு மட்டும் இருந்தால் பயமில்லை. புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் கோனையும் மாற்றுங்கள். கப்பிலும் குழி விழுந்திருந்தால் புதுக் குண்டு போட்டும் பயனில்லை. ஹப்பை மாற்றி, கம்பிகளை மறுபடி கோர்க்கவேண்டும்.

குண்டுகளை எப்போதும் முழுதாக மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் பெரிய குண்டே பாரம் முழுவதையும் தாங்கித் தானும் தேய்ந்து, கப்பையும் கெடுக்கும். 1883இல் ஜேர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் பிரீட்ரிக் ஃபிஷர் குண்டுகளை ஒரே அளவில் அரைக்கும் இயந்திரத்தை அமைத்தது பேரிங் வரலாற்றில் பெரிய திருப்பமானதும் இதனால்தான்.

கப்பில் கிறீஸை நிறைய அப்பி, குண்டுகளை அதில் பதியுங்கள். தண்ணீரில் கரையாத, படகுகளுக்குப் போடும் கிறீஸ் கிடைத்தால் மிக நல்லது. கோனைக் கையால் இறுக்கி, சற்றே தளர்த்தி, பூட்டு நட்டை முறுக்குங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது, மெல்லச் சுற்றிவிட்டால் ரியூப் வால்வின் பாரத்திலேயே சில்லு ஆடி ஆடி நிற்கவேண்டும்.

சத்தம் வரும்போது மெல்லிய எண்ணெய் விடுவது மருந்தல்ல. அது கிறீஸைக் கரைத்து வெளியே கொண்டுவரும். சோளகம் ஓய்ந்து வாடை மழை தொடங்குமுன் ஆண்டுக்கு ஒருமுறை ஹப்பைத் திறந்து கழுவுங்கள். மீன் ஏற்றும் சைக்கிளாயின் பின் சில்லை அதைவிட அடிக்கடி பாருங்கள்.