பள்ளிச் சான்றிதழ் இல்லாத சபுராளிகள்

சபர் வந்த நம் முன்னோர்களிடம் என்ன தகுதி இருந்தது? எந்தப் படிப்பைக் காட்டி மலாயாவுக்குள் நுழைந்தார்கள்? நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் நியாயமான கேள்வி இது. இராமநாதபுரத்துக் கிராமங்களிலிருந்தும், நாகூர், நாகப்பட்டினம், கடையநல்லூர் பகுதிகளிலிருந்தும் வந்தவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் நான்கைந்து வகுப்புக்கு மேல் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் வந்தார்கள், உழைத்தார்கள், கடை வைத்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். அதே படிப்போடு இன்று ஓர் இளைஞர் செலாயாங்கில் உள்ள ஓர் உணவகத்தில் வேலைக்குச் சேர வேண்டுமானால் இரண்டு நாட்டு அலுவலகங்களின் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நூறாண்டுக் காலத்தில் நாட்டின் வாசலில் கேட்கப்படும் கேள்வி எப்படியெல்லாம் மாறியது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

கப்பல் காலம்

1933இல் மலாயாவில் அந்நியர் சட்டம் வந்தபோது அது சீனாவிலிருந்து வருவோரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அந்தச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. கப்பல் கட்டணமும், துறைமுகத்து மருத்துவச் சோதனையில் தேறும் உடம்பும் இருந்தால் போதும். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று பல தலைமுறைகளைச் சுமந்து சென்றது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பதுதான் இன்றைய கிள்ளான் துறைமுகம்.

தோட்டங்களுக்கு வந்தவர்களைக் கங்காணிகள் அழைத்து வந்தார்கள். 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து அவர்களுக்குப் பயணச் செலவு கிடைத்தது. நம்மவர்களில் பெரும்பாலோர் அந்த வழியில் வரவில்லை. சொந்தக் காசிலோ கடன் வாங்கியோ டிக்கெட் எடுத்து, ஏற்கெனவே இங்கிருந்த மாமுவையோ மச்சானையோ தேடி வந்தார்கள். வந்து இறங்கியவனுக்குக் கடையில் படுக்க இடமும், மூன்று வேளைச் சாப்பாடும், ஒரு வேலையும் கிடைத்தன. அவனைப் பற்றி ஊரில் விசாரித்தால் பதில் சொல்ல ஜமாஅத் இருந்தது. ‘இவன் யார் மகன்?’ என்பதுதான் அன்றைய கேள்வி. பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்ததே அன்றைய விசா.

அவர்களைப் படிக்காதவர்கள் என்று சொல்வதும் முழு உண்மையாகாது. அரசுப் பள்ளிக்கூடம் போகாதவர்கள் மதரஸாவில் ஓதியிருந்தார்கள். அரபுத் தமிழில் கடிதம் எழுதவும் வாசிக்கவும் பலருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கும் ரூபாய்க்கும் உள்ள மாற்றைக் காகிதம் தொடாமல் கணக்கிட்டார்கள். பினாங்கில் தோளில் காண்டா தூக்கிச் சோறு விற்றவர்கள் மலாயும் ஹொக்கியனும் பேசினார்கள். இந்தத் திறமைகளுக்கெல்லாம் யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. அன்று அது தேவைப்படவும் இல்லை.

வாசல் இறுகுகிறது

முதல் தடை தாயகத்திலிருந்து வந்தது. தோட்டக் கூலி குறைக்கப்பட்டதையொட்டி, 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசு நிதியுதவியுடன் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. பிறகு போரும் ஜப்பானியர் ஆட்சியும் கப்பலை நிறுத்தின. போர் முடிந்து கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிய சில ஆண்டுகளில் நிலைமை அடியோடு மாறியது.

1952ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் புதிதாக வருபவர் தொழில்முறைத் தகுதி உடையவராகவோ, மாதம் 500 வெள்ளிக்குக் குறையாத சம்பளத்தில் வேலை உறுதி பெற்றவராகவோ, இங்குள்ளவரின் நெருங்கிய குடும்பத்தாராகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. கடைச் சிப்பந்திக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் 500 வெள்ளி எட்டாத தொகை. படிப்பு வேண்டும் என்று சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் படிக்காதவன் வாங்க முடியாத சம்பளத்தைக் கேட்டது. மாமு கூப்பிட்டால் மருமகன் வரலாம் என்ற காலம் அதோடு முடிந்தது. 1959இல் குடும்பத்தாரை வரவழைக்கும் விதிகளும் இறுகின. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போய் வருவதையே வாழ்க்கையாகக் கொண்ட சபுராளிகளுக்கு இது பேரிடியாக இருந்தது.

நீலமும் சிவப்பும்

1957 சுதந்திரத்தின்போது ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. அரசமைப்புச் சட்டத்தின்படி இங்கு 12 ஆண்டுகளில் 8 ஆண்டு வசித்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு நன்னடத்தையும், நிரந்தரமாக இங்கே வாழும் எண்ணமும், ஓரளவு மலாய் அறிவும் வேண்டும். முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மொழி நிபந்தனையும் தளர்த்தப்பட்டது. பள்ளிச் சான்றிதழைக் கேட்காத வாசல் அது. சந்தையிலும் கடையிலும் மலாய் பழகிய நம்மவர்களுக்கு மிகவும் பொருத்தமான வாசலும் கூட.

ஆனால் பலர் அந்த வாசலில் நுழையவில்லை. ‘எப்படியும் ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம், எதற்கு இந்தப் பாரம்?’ என்று இருந்துவிட்டார்கள். பாரம் நிரப்பத் தெரியாததும், அலுவலகம் என்றாலே இருந்த தயக்கமும் சேர்ந்துகொண்டன. விளைவு, ஒரே கடையில் ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவருக்கு நீல அடையாள அட்டை, மற்றவருக்குச் சிவப்பு.

அந்த நிறத்தின் விலை 1969இல்தான் தெரிந்தது. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. மே 13 கலவரத்துக்குப் பின் அது கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. இருபது முப்பது ஆண்டுகள் இங்கே உழைத்தவர்களும் ‘வேலைக்குத் தகுதி உண்டா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுத் திரும்பிப் போனதாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த ஆண்டுகளில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்தது சாதாரண உதவியன்று. ஒரு குடும்பம் இங்கே இருப்பதா, பிரிவதா என்பதே அந்தத் தாளில் இருந்தது.

பத்தாம் வகுப்பு என்னும் கோடு

எழுபதுகளில் ஊர்ப்பக்கத்து இளைஞர்கள் வளைகுடா நாடுகளை நோக்கித் திரும்பினார்கள். ரஜுலாவின் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு கப்பல் பயணமும் முடிந்தது. அதற்குச் சற்று முன், 1983இல் இந்தியா புதிய குடிபெயர்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்றைய விதிப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டு பொதுவாக இ.சி.ஆர். வகையைச் சேர்ந்தது. அவர் மலேசியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். படிக்காதவர் ஏமாற்றப்படக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

மலேசியாவின் தற்காலிக வேலை பெர்மிட் படிப்பைக் கேட்பதில்லை. வயது 18 முதல் 45 வரை இருக்க வேண்டும், மருத்துவச் சோதனையில் தேற வேண்டும், முதலாளிக்கு ஆள் எடுக்கும் ஒதுக்கீடு இருக்க வேண்டும். சேவைத் துறைக்கு ஆண்டுக்கு 1,850 ரிங்கிட் லெவியை முதலாளிதான் கட்ட வேண்டும். இந்த பெர்மிட்டில் வருபவர் மனைவி மக்களை அழைத்து வர முடியாது. பெர்மிட்டும் அந்த முதலாளியோடு கட்டப்பட்டது.

மற்ற நாடுகளின் வழி வேறு. சிங்கப்பூரின் கட்டுமானத் துறைக்குப் போகிறவர்களுக்கு இந்தியாவிலேயே தேர்வு நிலையங்களில் கைத்திறன் சோதனை நடக்கிறது. கம்பி கட்டத் தெரிந்தால் அதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. பிரிட்டனோ 2025 ஜூலையில் தன் தொழில்திறன் விசாவைப் பெரும்பாலும் பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்கு என்று உயர்த்திவிட்டது. உலகம் கைத்தொழில் செய்கிறவனுக்கு வாசலைச் சுருக்கிக்கொண்டே வருகிறது.

இந்த இடைவெளியில்தான் ஏஜெண்டுகள் நுழைகிறார்கள். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் இங்கே வரலாம். ‘முதலில் சுற்றுலாவாகப் போ, அங்கே போய் பெர்மிட் அடித்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். சுற்றுலா அனுமதி வேலை பெர்மிட்டாக மாறாது. முப்பத்தோராம் நாள் அந்தப் பையன் சட்டத்துக்கு வெளியே நிற்கிறான். 2020 ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தை வட்டாரம் முள்வேலியால் அடைக்கப்பட்டதையும், மே மாதத்தில் மஸ்ஜித் இந்தியா பகுதியிலும் இங்கேயும் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். தாள் இல்லாதவனுக்கு நோயைவிடப் பெரிய பயம் எது என்பதை அன்று கண்டோம்.

இன்று பொறுப்பேற்பவர் யார்?

நூறாண்டுக் கதையைப் பார்த்தால் ஒன்று விளங்கும். கேள்விகள் மாறின. முதலில் ஆள், பிறகு சம்பளம், பிறகு அட்டையின் நிறம், பிறகு பள்ளிச் சான்றிதழ். எந்தக் காலத்திலும் படிக்காதவன் தனியாக நின்று தகுதி பெற்றதில்லை. அவனுக்காகப் பதில் சொல்ல ஒருவர் இருந்தார். அன்று மாமு இருந்த இடத்தில் இன்று பெர்மிட் தாளில் கையெழுத்திடும் முதலாளி இருக்கிறார். அந்த முதலாளிகளில் நம் உறவினர்கள் பலர் உண்டு.

எனவே சில கடமைகள் நமக்கு உண்டு. தொழிலாளியின் கடவுச்சீட்டு அவருடைய சொத்து. அதைப் பிடுங்கி வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். பெர்மிட் புதுப்பிக்கும் தேதியை அவர் மறந்தாலும் நாம் மறக்கக் கூடாது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அதில் பதிவு செய்வது தர்மம் அன்று, சட்டம். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ சிறையோ உண்டு என்பதையும் நினைவில் வைப்போம்.

ஊரில் உள்ள சொந்தங்களுக்கு இரண்டு செய்தி சொல்வோம். பத்தாம் வகுப்பை எப்பாடு பட்டாவது தேறிவிடு. சுற்றுலா அனுமதியில் வேலைக்கு வராதே. இங்கேயே பிறந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல் அடுப்படியிலும் பட்டறையிலும் தொழில் கற்ற நம் பிள்ளைகளுக்கும் ஒரு வழி உண்டு. திறன் மேம்பாட்டுத் துறையின் முன் அனுபவ அங்கீகார முறையில் எஸ்.கே.எம். சான்றிதழ் பெறலாம், அதற்கு எஸ்.பி.எம். தேறியிருக்க வேண்டியதில்லை. தாத்தாவின் கைத்திறனுக்குக் கிடைக்காத தாள் பேரனுக்காவது கிடைக்கட்டும்.

சான்றிதழ் இல்லாமல் வந்து நமக்கு இந்த வாழ்வை அமைத்துத் தந்த சபுராளிகள் அனைவருக்கும் அல்லாஹ் மறுமையில் நற்கூலி வழங்குவானாக. அவர்களுக்காக ஒருவர் பொறுப்பேற்றதுபோல், இன்று வந்து நிற்பவனுக்காகப் பொறுப்பேற்கும் மனத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.