அலைவெளியில் அரங்கின் குரல்

பாயான் லெப்பாஸ் வான்வெளியில் நாள்தோறும் இருவகைக் குரல்கள் உலவுகின்றன. ஒன்று, விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் தமக்குள் பேசிக்கொள்ளும் குரல். மற்றொன்று, பள்ளி மண்டபத்திலோ கோயில் மேடையிலோ கம்பியில்லா ஒலிவாங்கியின் வழியே எழும் குரல். இரண்டும் மின்காந்த அலையின்மீது ஏறிச் செல்பவையே. ஆயினும், முன்னதற்கு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட தனியிடம் உண்டு. அங்கே வேறெவரும் நுழைதல் குற்றமாகும். மேடைக் குரலுக்கோ அத்தகைய சொந்த இடம் பெரும்பாலும் அமைந்ததில்லை. தொலைக்காட்சி என்னும் பெருவீட்டின் திண்ணையிலேயே அது நெடுங்காலம் குடியிருந்தது. வீடு கைமாறியபோது திண்ணையில் இருந்தவர் நிலை என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

குரலே கருவியான காலம்

தமிழ் நாடக மேடையின் பழைய வரலாறு குரலின் வரலாறே எனலாம். சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம் வகுத்த காலத்தில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டுக் கேட்டாக வேண்டும். எனவே, உச்சத் தாயியில் பாடவல்லவரே நாயகராயினர். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் புகழ் பெற்றதற்கு அவர்தம் குரலின் வீச்சும் ஒரு காரணம். பினாங்கிலும் நிலைமை இதுவே. 1880களில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு இங்கே உருவான பங்சாவான் அரங்கிலும் தொண்டையே துணை.

பின்னர்க் கம்பியுள்ள ஒலிவாங்கி வந்தது. குரல் பெருகியது, ஆனால் கால்கள் கட்டுண்டன. வசனம் பேச வேண்டியவர் மேடையின் நடுவே நிற்கும் ஒலிவாங்கியை நோக்கி நடந்து வர வேண்டியதாயிற்று. பள்ளி நாடகங்களை அறிந்தோர் இக்காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். அரசனும் சேவகனும் ஒரே கம்பத்தின்முன் முறைவைத்து நிற்பர்!

பதிவின்றிப் பிறந்த கருவி

இக்கட்டை அவிழ்த்தது கம்பியில்லா ஒலிவாங்கி. இங்கிலாந்தில் ரெஜ் மூர்ஸ் என்பவர் 1947ஆம் ஆண்டில் அத்தகைய கருவி ஒன்றை அமைத்தார். 1949இல் பிரைட்டன் நகரில் பனித்தரையில் நிகழ்ந்த அலாவுதீன் நாடகத்தில் அது பயன்பட்டது. அவர் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. காரணம், அவர் கையாண்ட அலைவரிசைக்கு அவரிடம் அனுமதி இல்லை. இக்கருவியின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இந்நிகழ்ச்சி ஒரு முன்னுரை போல அமைந்துவிட்டது. 1964இல் வெளிவந்த ‘மை ஃபேர் லேடி’ திரைப்படத்தில் ரெக்ஸ் ஹாரிசன் தம் கழுத்துப்பட்டையில் மறைத்த கம்பியில்லா ஒலிவாங்கியுடன் பாடி நடித்தார். அதன்பின் பெரிய இசைநாடக அரங்குகள் யாவும் இக்கருவியை நாடின.

இதன் அமைப்பு எளியது. நடிகரின் இடுப்பில் ஒரு சிறிய அலைபரப்பி. மேடையோரத்தில் ஓர் ஏற்பி. பரப்பியின் ஆற்றல் பெரும்பாலும் சில பத்து மில்லிவாட்டுகளே. 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீட்டர். அதன் காற்பங்கான பன்னிரண்டரை சென்டிமீட்டர் கம்பியே அலைவாங்கிக்குப் போதுமாதலால், உடைக்குள் அதனை மறைத்துவிடலாம். தொலைக்காட்சிக்குரிய 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை அரங்குகள் விரும்பியதற்கு இது ஒரு காரணம். ஒவ்வோர் ஊரிலும் சில தொலைக்காட்சி அலைவரிசைகள் வெறுமையாகக் கிடந்தமை மற்றொரு காரணம். ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் தனித்தனி அலைவரிசை வேண்டும். பெரிய இசைநாடகம் ஒன்றுக்குப் பல பத்து வேண்டும். அந்த வெற்றிடமே அரங்கின் திண்ணையாயிற்று.

வீடு விற்பனைக்கு வந்தது

தொலைக்காட்சி எண்ணிம முறைக்கு மாறியபோது, முன்பு ஒரே நிகழ்ச்சியைத் தாங்கிய இடத்தில் பல நிகழ்ச்சிகள் அடங்கின. எஞ்சிய இடத்தைக் கைப்பேசி நிறுவனங்களுக்கு வழங்க அரசுகள் முற்பட்டன. 2007இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு அதற்கு வழி திறந்தது.

பிரிட்டனில் அரங்குகள் 69ஆம் தொலைக்காட்சி அலைவரிசையைத் தம் பொது இடமாகக் கொண்டிருந்தன. 2009இல் அதனைக் கைப்பேசிக்கு அளிக்க முடிவாயிற்று. அரங்கத் துறையினர் ஒன்றுதிரண்டு குரல் எழுப்பினர். அதன் பயனாக, 38ஆம் அலைவரிசை மாற்றிடமாகக் கிடைத்தது. பழைய கருவிகளுக்கு ஈடாக ஒரு பகுதித் தொகையும் வழங்கப்பட்டது. ஆனால், ஒரு நிபந்தனை இருந்தது. 69ஆம் அலைவரிசைக்கு உரிமம் பெற்றிருந்தவர்க்கே அத்தொகை உரியதாகும். உரிமமின்றிப் பயன்படுத்தியோர் வெறுங்கையுடன் நின்றனர்.

அமெரிக்காவின் கதை இன்னும் கூர்மையானது. அங்கே ஒளிபரப்பாளரும் திரைப்படத் துறையினரும் ஒலிவாங்கி உரிமம் பெறலாம். நாடக அரங்கும் வழிபாட்டு இல்லமும் பெற இயலாது. எனினும் யாவரும் பயன்படுத்தினர், எவரும் தடுக்கவில்லை. 2008இல் வெற்று அலைவரிசைகளைப் புதிய கருவிகளுக்குத் திறந்துவிட ஆணையம் முனைந்தபோது, பாடகி டாலி பார்ட்டன் உள்ளிட்டோர் அரங்கின் சார்பில் முறையிட்டனர். ஆயினும், அந்த ஆண்டு நவம்பரில் அனுமதி வழங்கப்பட்டது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கிய ஒலிவாங்கிகள் யாவும் 2010 ஜூன் 12க்குள் ஓய்ந்துவிட வேண்டும் என்று மற்றோர் ஆணை பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஒலிவாங்கிகளுக்கென இரண்டு அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. 2014இல் உரிமம் பெறும் தகுதி அரங்குகளுக்கும் விரிந்தது. ஆனால் யாருக்கு? வழக்கமாக 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஒலிவாங்கிகளைப் பயன்படுத்துவோர்க்கு மட்டுமே! பிராட்வே அரங்கு உள்ளே சென்றது. நான்கு ஒலிவாங்கிகளுடன் நாடகம் போடும் பள்ளி வெளியே நின்றது.

2017இல் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதி ஏறத்தாழ 1,980 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. அதிலிருந்த ஒலிவாங்கிகள் விலகக் குறித்த இறுதிநாள் 2020 ஜூலை 13. அந்நாளில் பிராட்வே அரங்குகள் பெருந்தொற்றினால் பூட்டிக் கிடந்தன. வருவாயற்ற காலத்தில் புதிய கருவி வாங்கும் சுமையும் அவற்றின்மேல் விழுந்தது.

நம் நாட்டில்

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வர்த்தக வட்டாரம் உருவாயிற்று. வயலும் கம்பமுமாய் இருந்த இடத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. உலகின் பல நாடுகளில் காவலரும் தீயணைப்பாளரும் பேசிக்கொள்ளும் மோட்டரோலா வானொலிக் கருவிகளின் உருவாக்கத்தில் இவ்வூர்க்குப் பங்குண்டு. அலையில் பேசும் கருவியை உலகுக்கு அளித்த ஊர், தன் மேடைக் குரல் எந்த அலையில் செல்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டாவா?

1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் அலைவரிசை ஒதுக்கீட்டை மூவகையாகப் பிரித்தது. அலைக்கற்றை ஒதுக்கீடு, கருவி ஒதுக்கீடு, வகுப்பு ஒதுக்கீடு என்பன அவை. கம்பியில்லா ஒலிவாங்கி மூன்றாம் வகையைச் சார்ந்தது. தனித்தனியே உரிமம் வேண்டுவதில்லை. வரையறுத்த அலைவரிசையில், வரையறுத்த ஆற்றலுக்குள், சான்று பெற்ற கருவியை எவரும் இயக்கலாம். இஃது எளியோர்க்குப் பெரும் சலுகை. ஆனால், அதற்கொரு விலையும் உண்டு. பிறர்க்கு இடையூறு செய்தல் கூடாது. பிறரால் இடையூறு நேரின் பாதுகாப்புக் கோரவும் இயலாது.

எண்ணிமத் தொலைக்காட்சி 2017 ஜூன் 6இல் அறிமுகமாயிற்று. 2019 அக்டோபர் 31இல் பழைய ஒளிபரப்பு நாடு முழுவதும் ஓய்ந்தது. 2021 டிசம்பரில் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை தொடங்கியது; அதற்குரிய அலைவரிசைகளுள் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் ஒன்று. ஆசிய பசிபிக் நாடுகளின் ஏற்பாட்டின்படி அப்பட்டையில் 703 முதல் 748 வரை கைப்பேசிகள் அனுப்பும் பகுதி. அஃதாவது, இடையூறு தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து மட்டும் வருவதன்று. முன்வரிசையில் அமர்ந்திருப்பவரின் சட்டைப்பையிலிருந்தும் வரக்கூடும். அப்பகுதியில் இயங்கும் பழைய ஒலிவாங்கியில், மாணவி உருக்கமாகப் பேசும் கட்டத்தில் கரகரப்பு எழுந்தால், குற்றம் அவளுடையதன்று, ஒலியமைப்பாளருடையதும் அன்று. திண்ணை கைமாறியதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வரலாறு தரும் பாடம்

இவ்வரலாற்றில் ஓர் உண்மை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. சட்டம் அரங்கைப் பகைத்ததில்லை. அதன் ஏட்டில் பெயர் இல்லாதவரை அது காணவில்லை, அவ்வளவே. பிரிட்டனில் உரிமம் வைத்திருந்தவர் ஈடு பெற்றனர். அமெரிக்காவில் ஐம்பது என எண்ணிக் காட்டியவர் தகுதி பெற்றனர். கணக்கில் வராத குரலுக்குக் காவல் அமையவில்லை.

ஆதலால் நம் பள்ளிகளும் கோயில் மண்டபங்களும் நாடக மன்றங்களும் செய்ய வேண்டியது பெரிதன்று. கருவியின் பின்புறத்தில் பொறித்துள்ள அலைவரிசை எண்ணைப் படித்துக் குறித்து வைத்தல் வேண்டும். புதிது வாங்குமுன் சான்று முத்திரை உண்டா எனப் பார்த்தல் வேண்டும். அலைவரிசை மாற்றம் குறித்து ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது, தங்களிடம் எத்தனை ஒலிவாங்கிகள் உள்ளன, எதற்குப் பயன்படுகின்றன என்பதைச் சங்கங்கள் ஒன்றுகூடி எழுதியனுப்புதல் வேண்டும்.

கிட்டப்பாவின் காலத்தில் குரலைக் காத்தது தொண்டைப் பயிற்சி. இன்று அதனோடு ஒரு குறிப்பேடும் வேண்டியிருக்கிறது. அதில் எழுதும் ஒரு சிறு எண், நாளை ஒரு மாணவனின் வசனம் கடைசி வரிசை வரை சென்று சேரத் துணைநிற்கும்.