பேய்களைத் தேடிய கண் மருத்துவர்

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்கால் மாடங்களிலிருந்து மாங்கனிகளை இறைக்கும்போது, பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஒருவரை நாம் நினைப்பதில்லை. அவர் ழான் ஃபிலியோசா (1906-1982). 1947 வரை மருத்துவத் தொழில் பார்த்தவர். கூடவே அவருக்கொரு விநோதப் பித்து. குழந்தைகளைப் பற்றிக்கொள்வதாக நம்பப்பட்ட பேய்களைக் குறித்து, இராவணன் பெயரால் வழங்கும் குமாரதந்திரத்தைத் திபெத்திய, சீன, கம்போடிய, அரபுப் பிரதிகளோடு ஒப்பிட்டு 1937இல் ஒரு நூலே எழுதினார்.

இப்படிப்பட்டவர், பேயுருவை வேண்டிப் பெற்ற புனிதவதியிடம் வந்து சேர்ந்தது பொருத்தமென்றே நமக்குத் தோன்றுகிறது. காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்து கைமாறியது. மறு ஆண்டே ஃபிலியோசாவின் முயற்சியில் புதுச்சேரியில் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் எழுந்தது. 1956இல் அதன் வெளியீட்டு வரிசையின் முதல் நூலாக வந்தவை வேதமோ ஆகமமோ அல்ல, அம்மையாரின் பாடல்கள்!

ஆனால் நோய்ப்பேயை அறியச் சுவடிகள் போதும். ஆலங்காட்டு ஆடலைக் கண்டு பாடும் பேயை அறிய, அந்தாதியின் ஓசையில் வளர்ந்த காது வேண்டும். ஃபிலியோசாவும் தமிழ் கற்றவர்தாம். எனினும் அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களையும், இரட்டை மணிமாலையையும், மூத்த திருப்பதிகங்கள் இரண்டையும் பதிப்பித்துப் பிரெஞ்சில் பெயர்த்தவர் காரவேலன் என்னும் தமிழறிஞர். மருத்துவர் எழுதியது முன்னுரை. நூலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாமும் முன்னுரைக்காரரின் பெயரையே முதலில் சொல்லி வந்திருக்கிறோம். இக்கட்டுரையின் தலைப்பிலும் அவரே நிற்கிறார்.