இணைய விளம்பரத் தடுப்பு

இணையத்தளம் ஒன்றைத் திறக்கும்போது அதனோடு சேர்ந்து வரும் விளம்பரங்களையும், அவற்றுக்குப் பின்னால் இயங்கும் கண்காணிப்பு நிரல்களையும் வாசகர் தமது கருவியிலேயே நிறுத்திவிடுவது இணைய விளம்பரத் தடுப்பு எனப்படும். அரசு ஆணையால் தளங்களை முடக்குவது இதில் சேராது. 2007 யூனில் தமிழ்நெற் செய்தித்தளம் முடக்கப்பட்டதையும், 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் மாதங்களில் சமூக ஊடகங்கள் நிறுத்தப்பட்டதையும் கண்ட இலங்கை வாசகருக்கு அந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. இங்கே தடுப்பவர் வாசகர். தளம் பிழைக்கும் வழியை அவர் அடைக்கலாமா, தாம் கேட்காத ஒன்றைத் தம் காசில் இறக்கிப் பார்க்க அவருக்குக் கடமை உண்டா என்பதே விவாதம்.

தோற்றமும் இயங்கும் முறையும்

இணையத்தின் முதல் பதாகை விளம்பரங்கள் 1994 ஒக்டோபர் 27 அன்று ஹொட்வயர்ட் தளத்தில் வெளிவந்தன. 2002இல் டென்மார்க் மாணவர் ஹென்ரிக் ஆஸ்டட் சோரன்சன் 'அட்புளொக்' என்ற உலாவி நீட்சியை எழுதினார். 2006இல் விளாடிமிர் பலான்ட் அதை 'அட்புளொக் பிளஸ்' ஆக்கினார். ரேமண்ட் ஹில்லின் 'யூபுளொக்' 2014இல் வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் உயிர்நாடி வடிகட்டிப் பட்டியல். எந்த முகவரியிலிருந்து வருவது விளம்பரம், பக்கத்தின் எந்தப் பெட்டியை மறைக்க வேண்டும் என்று வரிவரியாக எழுதிய பட்டியல் அது. ஆங்கிலத் தளங்களுக்கு 2005இல் தொடங்கிய 'ஈசிலிஸ்ட்' அடிப்படையானது. தமிழ், சிங்களத் தளங்களுக்கு 'இண்டியன்லிஸ்ட்' என்ற துணைப் பட்டியல் உண்டு. பெயரில் இந்தியா மட்டும் இருந்தாலும் இலங்கை, நேபாளத் தளங்களும் அதில் அடக்கம். தமிழ்த் தளமொன்றில் எது செய்தி, எது விளம்பரம் என்று தீர்ப்புச் சொல்வோர் ஊதியமில்லாத தன்னார்வலர் சிலரே. இந்த அதிகாரம் பற்றித் தமிழில் எவரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

கைத்தொலைபேசியில் நிலை வேறு. அண்ட்ரொய்டில் குரோம் உலாவி நீட்சிகளை ஏற்பதில்லை. எனவே தடுப்பு உள்ளடங்கிய உலாவிகளே முதலில் பரவின: யூசி பிரவுசர், ஒபேரா மினி. உலகில் 41.9 கோடிப் பேர் கைத்தொலைபேசியில் விளம்பரங்களைத் தடுக்கிறார்கள் என்றும், அவர்களில் 12.2 கோடிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள் என்றும் பேஜ்ஃபெயர் நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. மேற்குலகின் படித்த இளைஞர் பழக்கம் என்று எண்ணப்பட்ட ஒன்று உண்மையில் மலிவுத் தொலைபேசியின் பழக்கம் என்று அந்தக் கணக்கு காட்டியது. 2018இல் வந்த அண்ட்ரொய்டு 9 'தனிப்பட்ட டிஎன்எஸ்' வசதியைத் தந்தது. அதில் விளம்பரங்களை வடிகட்டும் டிஎன்எஸ் சேவையொன்றின் முகவரியை மட்டும் இட்டால் செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களும் பெரும்பாலும் நின்றுவிடும். யூரியூப் விளம்பரம் நிற்காது; காணொளி வரும் வழியிலேயே அதுவும் வருகிறது.

ரீலோட் கணக்கு

விளம்பரத்தின் சுமை எல்லோர்மீதும் ஒரேபோல் விழுவதில்லை. வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியால் போனால் நெளுக்குளம். அதே வீதியில் மேலும் போனால் பம்பைமடுவில், 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழக இணைப்பில் இருப்பவருக்கு மெகாபைற் கணக்கு ஒரு பொருட்டில்லை. கணினி படிப்பவருக்கு வடிகட்டி நிறுவுவது இரண்டு நிமிட வேலை. நெளுக்குளம் ஊருக்குள் கடையில் ரீலோட் போட்டு, டேட்டா முடியுமுன் பிள்ளையின் பாடத்தையும் செய்தியையும் பார்த்துவிட நினைப்பவருக்குத்தான் விளம்பரத்தின் சுமை. அப்படிப்பட்டவர்களில் பலருக்குத் தடுக்கும் வழியும் தெரியாது.

அந்தச் சுமை சிறிதன்று. ஐம்பது செய்தித் தளங்களைச் சோதித்த நியூ யோர்க் ரைம்ஸ், அவற்றின் கைத்தொலைபேசிப் பக்கங்கள் இழுக்கும் டேட்டாவில் பாதிக்கு மேல் விளம்பரத்துக்கும் வடிகட்டி நீக்கக்கூடிய பிறவற்றுக்குமே போகிறது என்று 2015 ஒக்டோபரில் எழுதியது. அவை அமெரிக்கத் தளங்கள். ஆனால் செய்தியின் முதற்பந்திக்கு வருமுன் மூன்று பதாகைகளை விலக்கிப் பழகிய தமிழ் வாசகருக்கு இது மிகையாகத் தோன்றாது. இலங்கையில் பொருளாதார நெருக்கடியின்போது, 2022 செப்டெம்பர் 5 முதல் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதம் கூடின. பெறுமதி சேர் வரி 2024 தொடக்கத்தில் 18 சதவீதமாயிற்று. பத்திரிகை விளம்பரத்துக்கான தாளை வாசகர் தனியாக வாங்குவதில்லை. இணைய விளம்பரத்தின் ஒவ்வொரு மெகாபைற்றையும் அவரே வாங்குகிறார்.

தமிழ்த் தளங்களின் வருவாய்

மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. சந்தா கட்டிச் செய்தி வாசிக்கும் வழக்கம் தமிழில் வேரூன்றவில்லை. கூகுளின் விளம்பரச் சேவையான அட்சென்ஸ் 2018 பெப்ரவரியில்தான் தமிழை ஏற்றது. அதுவரை தமிழ்த் தளங்கள், மேல்விழும் சாளரங்களைத் திணிக்கும் சில்லறை வலையமைப்புகளையும் நாட வேண்டியிருந்தது. வாசகரைத் தடுப்பான் தேட வைத்ததில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் ஈழத்தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு வருவாய் இருக்கிறது: மரண அறிவித்தல். 'நெளுக்குளத்தைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும் அறிவித்தலும், ஓராண்டு நினைவஞ்சலியும் காசு கொடுத்து இடப்படும் விளம்பரங்களே. லங்காசிறி முதலிய புலம்பெயர் தளங்களும் வடக்கின் நாளேடுகளும் இவற்றைப் பெருமளவில் வெளியிடுகின்றன. செய்தியைத் தாண்டி இவற்றைத் தேடித்தான் பலர் தளத்துக்கே வருகிறார்கள். தளத்தின் சொந்த உள்ளடக்கமாக வருவதால் வடிகட்டிகளும் பெரும்பாலும் இவற்றைத் தொடுவதில்லை. வாசகர் விளம்பரத்தை வெறுக்கிறார் என்ற வாதம் இங்கே உடைந்துபோகிறது. தமக்கு உறவில்லாததையும், தம்மைப் பின்தொடர்வதையும், ஏமாற்றுவதையுமே அவர் வெறுக்கிறார்.

சட்டமும் பாதுகாப்பும்

ஜேர்மனியில் அக்சல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் தொடுத்த வழக்கில், அட்புளொக் பிளஸ் முறைகேடான வணிகப் போட்டி ஆகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்த்தது. ஆயினும் அட்புளொக் பிளஸை நடத்தும் நிறுவனம் 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்ற பெயரில் சிலவற்றை அனுமதித்து, பெரிய நிறுவனங்களிடம் அதற்குக் கட்டணமும் பெறுவது வாயிற்காவலன் கையூட்டு வாங்குவதைப் போன்றதே. தேடல் விளம்பரங்கள் வழியாக நடக்கும் மோசடிகளைத் தவிர்க்க விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசெம்பரில் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. 2023இல் யூரியூப் தடுப்பான்களுக்கு எதிரான பிடியை இறுக்கியது. குரோமும் தன் நீட்சி விதிகளை மாற்றி, யூபுளொக்கின் முழு வடிவத்தைக் கைவிட்டது. உலாவியையும் விளம்பரச் சந்தையையும் ஒரே நிறுவனம் வைத்திருப்பதன் விளைவு இது.

இலங்கையில் விளம்பரத் தடுப்பைக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவு திரட்டுவோர் மீதே கடமைகளைச் சுமத்துகிறது. தடுப்பானை நீக்கும்படி வாசகரைக் கேட்கும் தமிழ்த் தளம், தன் அச்சுப் பத்திரிகையில் ஏற்கமாட்டாத சூதாட்ட, கடன் விளம்பரங்களை முதலில் தன் பக்கத்திலிருந்து நீக்க வேண்டும்.