பேர்த் – கொக்கலை இரட்டைச் சூரியோதய விமானச் சேவை

இரட்டைச் சூரியோதய விமானச் சேவை என்பது இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரையும், இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியையும் இணைத்த வான்வழிச் சேவையாகும். குவாண்டாஸ் நிறுவனம் 1943 முதல் 1945 வரை இதனை நடத்தியது.

1938 முதல் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே கடல் விமானங்கள் சிங்கப்பூர் வழியாகச் சென்று வந்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அவ்வழி அடைபட்டது. எஞ்சியது இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடப்பது மட்டுமே.

பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையிலான நேர்வழித் தூரம் ஏறத்தாழ 5,650 கி.மீ. இதற்குக் கேட்டலினா வகைக் கடல் விமானங்கள் ஐந்து பயன்படுத்தப்பட்டன. இவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 200 கி.மீ. தூரத்தை வேகத்தால் வகுத்தால் 28 மணி நேரம் கிடைக்கும். ஆனால் காற்றும் வானிலையும் இக்கணக்கை மாற்றின. பயணம் 27 மணி நேரத்திலும் முடிந்ததுண்டு. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது. இரண்டு சூரிய உதயங்களைக் காணும் அளவுக்குப் பயணம் நீண்டதால் இப்பெயர் ஏற்பட்டது. பயணம் செய்தவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசிய அணி' என்ற சான்றிதழும் வழங்கப்பட்டது.

நீண்ட தூரத்தின் விலை எரிபொருள். ஏறத்தாழ 9,000 லிட்டர் எரிபொருளை ஏற்றிய பின், மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது. எடையைக் குறைக்க ஆயுதங்களும் நீக்கப்பட்டன. புறப்பட்ட முதல் சில மணி நேரங்களில் ஓர் என்ஜின் பழுதானால், மற்றொன்றால் அந்த எடையைத் தாங்க இயலாது. எதிரிக்கு இருப்பிடம் தெரியாதிருக்க வானொலியும் பேசாதிருந்தது. விண்மீன்களைக் கொண்டே திசை அறிந்தனர். ஜப்பானிய விமானங்கள் சுற்றிய பகுதியை இருளில் கடக்கும்படி நேரம் திட்டமிடப்பட்டது.

இத்தனை இடர்களுக்கு நடுவிலும் 271 முறை பெருங்கடல் கடக்கப்பட்டது. ஓர் உயிரும் பலியாகவில்லை. 1945 ஜூலையில் சேவை நின்றது. போருக்குப் பின் அவ்விமானங்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

2018 மார்ச்சில் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லா விமானச் சேவை தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 14,500 கி.மீ.; நேரம் சுமார் 17 மணி. அதாவது இரண்டரை மடங்கு தூரத்தை, கேட்டலினா எடுத்துக்கொண்டதைவிடப் பத்து மணி நேரமேனும் குறைவாகக் கடக்கிறது. தூரம் வரைபடத்தில் மாறுவதில்லை. பயண நேரத்தையோ இயந்திரமும் எரிபொருளும் காற்றும், சில காலங்களில் போரும் முடிவு செய்கின்றன.